அது பாசமல்ல, வேலை

டிஸ்சார்ஜ் ஆகிப் போகும்போது பெரும்பாலான குடும்பங்கள் எங்கள் மேசைக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவார்கள். "டாக்டர் நல்லா வைத்தியம் பாத்தாரு. நீங்க பெத்த தாய் மாதிரி பாத்துக்கிட்டீங்க சிஸ்டர்." அரசு மருத்துவமனை ஒன்றின் குழந்தைகள் வார்டில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்துவிட்டேன். இதை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. ஆரம்பத்தில் கண் கலங்கும். இப்போது கோபம் வருகிறது. சொல்பவர்கள்மேல் கோபமில்லை. அந்தப் பாராட்டுக்குள் ஒரு கழித்தல் கணக்கு இருக்கிறது, அதன்மேல்தான்.

கடைசியாக அப்படிச் சொன்னவர் ஒரு பத்து மாதக் குழந்தையின் அப்பா. சளி, காய்ச்சல் என்று சேர்த்திருந்தார்கள். காலை ரவுண்ட்ஸில் "பரவாயில்லை, நாளைக்கு அனுப்பிடலாம்" என்று முடிவாகியிருந்தது. இரவு பதினொன்றரை மணிக்கு நான் அந்தக் குழந்தையின் சட்டையைத் தூக்கி, வாட்சைப் பார்த்துக்கொண்டே முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணினேன். 62. இரண்டு மாதத்துக்குக் கீழே என்றால் நிமிடத்துக்கு 60, இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுவரை 50, ஒன்றிலிருந்து ஐந்து வயதுவரை 40. இந்த எண்ணைத் தொட்டாலே அது வேகமான மூச்சு. விளக்கைப் போட்டுப் பார்த்தால், மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்ளே போனது. டியூட்டி டாக்டரை எழுப்பினேன். ஆக்ஸிஜன் வைத்தோம், மருந்து மாறியது. ஐந்தாவது நாள் குழந்தை சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனது.

அந்த அப்பாவின் கணக்கில் டாக்டர் செய்தது வைத்தியம், நான் செய்தது பாசம். பாசத்துக்கு 60, 50, 40 தெரியாது. குழந்தையின் மூச்சு ஒரே சீராக இருக்காது, அதனால் அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கக் கூடாது என்பதும், அழும்போது எண்ணக் கூடாது என்பதும் பாசத்துக்குத் தெரியாது. படித்து, பழகி, தப்பு செய்து, திட்டு வாங்கிக் கற்றுக்கொண்ட வேலை அது.

எங்களுக்கு வைத்திருக்கும் பெயரையே பாருங்கள். செவிலி. அகப்பாடல்களில் நற்றாய் பெற்றவள், செவிலி வளர்த்தவள். அந்தச் சொல்லைத்தான் எடுத்து எங்களுக்குக் கொடுத்தார்கள். வார்டில் கூப்பிடுவது சிஸ்டர். கன்னியாஸ்திரிகள் இந்த வேலையைச் செய்த காலத்திலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர். ஒன்று தாய், இன்னொன்று சகோதரி. மருத்துவரை யாரும் சித்தப்பா என்று கூப்பிடுவதில்லை. உறவுமுறை வைத்துக் கூப்பிடப்படுகிறவள் சம்பள உயர்வு கேட்டால், ஏதோ வீட்டுக்குள் கூலி கேட்டுவிட்டதுபோல முகம் மாறுகிறது.

நோயில் கிடக்கும் குழந்தைக்கு எது முதலில் வேண்டும் என்பது வயதுக்கு வயது மாறும். அது ஒரு துறை. செவிலியர் கல்வியில் தனிப் பாடம். அந்த அறிவுக்குத் தாய்மை என்று பெயரை மாற்றி இரண்டு பெண்களின் தலையில் கட்டியிருக்கிறோம். ஒருத்தி குறைந்த சம்பளத்துக்குச் செய்கிறாள், இன்னொருத்தி சம்பளமே இல்லாமல் செய்கிறாள். இந்தக் கட்டுரை அவ்வளவுதான் சொல்கிறது. மீதியை வார்டுக்குள் வந்து பாருங்கள்.

குழந்தையைப் பருவம் பிரித்துப் பார்க்க நம் மொழிக்குத் தெரியாமல் இல்லை. பிள்ளைத்தமிழில் பத்துப் பருவம். கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை, கை கொட்டுவது சப்பாணி, தளர்நடை போட்டு வருவது வருகை. இன்றைக்கு நாங்கள் வளர்ச்சி அட்டையில் பார்ப்பதும் ஏறக்குறைய இதைத்தான். கடைசி மூன்று பருவங்களில் ஆணும் பெண்ணும் பிரிகிறார்கள். பையன் சிறுபறை கொட்டி, சிறுதேர் உருட்டி, பெண்கள் கட்டிய மணல்வீட்டைக் காலால் சிதைக்கிறான். பெண் அம்மானை ஆடி, ஊஞ்சலில் உட்காருகிறாள். பாடியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். தங்களைத் தாயாகப் பாவித்துக்கொண்டு பாடினார்கள். பாவித்த தாய்க்கு நைட் டூட்டி கிடையாது. பத்துப் பருவத்தில் காய்ச்சலுக்கென்று ஒரு பருவமும் கிடையாது.

முதல் கட்டில், பச்சிளங்குழந்தை. இங்கே முதல் வேலை சூடு, பால், கிருமி அண்டாமல் காப்பது. கூடவே வலி. பிறந்த குழந்தைக்கு வலி தெரியாது என்று நம்பி, 1980கள்வரை போதிய மயக்கமருந்து இல்லாமலேயே பல நாடுகளில் அறுவை சிகிச்சை செய்தார்கள். 1987-இல் ஆனந்தும் ஹிக்கியும் எழுதிய ஆய்வுக் கட்டுரை அந்த நம்பிக்கையை உடைத்தது. ஊசி போடும்போது தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்தால் குழந்தைக்கு வலி குறையும். எடை குறைவாகப் பிறந்த குழந்தைக்கு அம்மாவின் வெற்று மார்பே சிகிச்சை. கங்காரு பராமரிப்பு என்று கொலம்பியாவின் பொகோட்டாவில் 1970களின் இறுதியில் தொடங்கியது. 2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வை இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் செய்தார்கள். குழந்தை நிலைப்படட்டும் என்று காத்திராமல் பிறந்த உடனே கங்காரு பராமரிப்பைத் தொடங்கியபோது, 28 நாளுக்குள் நேரும் மரணம் 25 சதவீதம் குறைந்தது.

இதைப் படித்து எல்லாரும் மகிழ்ந்தோம். நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கும் மேல் நெஞ்சில் குழந்தையைக் கட்டிக்கொண்டு சாய்ந்திருக்க வேண்டும் என்கிறோம். பிரசவித்து மூன்று நாள் ஆன, தையல் போட்ட பெண்ணுக்கு அதற்கேற்ற நாற்காலி எங்கே? அவளுக்கு யார் சோறு எடுத்து வருவது? தகப்பன் நெஞ்சிலும் சூடு இருக்கிறது. அவனும் கட்டிக்கொள்ளலாம் என்று வழிகாட்டுதல்களே சொல்கின்றன. வாசலில் "ஆண்களுக்கு அனுமதி இல்லை" என்று போர்டு தொங்குகிறது.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாடு முழுக்கப் பச்சிளங்குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவுகளில் சேர்க்கப்படுவது ஆண்குழந்தைகளே அதிகம். அந்தப் பருவத்தில் ஆண்குழந்தைக்கு உடல்ரீதியாக ஆபத்து சற்று அதிகம் என்பது உண்மை. அது மட்டுமே காரணம் என்று வார்டில் நின்ற யாரும் சொல்ல மாட்டோம். "பெரிய ஆஸ்பத்திரிக்கெல்லாம் வேணாம் சிஸ்டர், இங்கேயே பாருங்க" என்ற பேச்சை எந்தக் குழந்தைக்கு அதிகம் கேட்டிருக்கிறோம் என்று எங்களுக்குத் தெரியும்.

அடுத்தது கைக்குழந்தை. இங்கே நீர்ச்சத்துதான் உயிர். பெரியவர்களுக்கு இரண்டு பேதி ஒன்றும் செய்யாது, ஆறு கிலோ குழந்தையைக் காலையிலிருந்து மாலைக்குள் கண் குழிய வைத்துவிடும். கிலோவுக்கு 100 மில்லி என்று கணக்கிட்டால் அதற்கு ஒரு நாளைக்கு 600 மில்லி. ஒரு மணி நேரத்துக்கு 25. பீடியா டிரிப் செட்டில் நிமிடத்துக்கு 25 சொட்டு. யாரோ தெரியாமல் உருளையைத் தள்ளிவிட்டால் நுரையீரலில் நீர் கோக்கும். வயதும் எடையும் தெரியாமல் இங்கே ஒரு சொட்டும் போட முடியாது.

அம்மா வந்து "பால் குடிக்க மாட்டேங்குறா சிஸ்டர், எப்பவும் போல இல்ல" என்று சொன்னால் உடனே எழுந்து போக வேண்டும். பால் குடிக்காமல் போவது உலக சுகாதார நிறுவனத்தின் அபாய அறிகுறிப் பட்டியலில் உள்ளது. ஆனால் நாங்கள் என்ன சொல்கிறோம்? "ஒழுங்கா பிடிச்சுக் குடும்மா." அவள் சொன்னது தகவல் என்று எங்களுக்குத் தோன்றுவதில்லை. அவளுடைய மார்பும் கையும் கண்ணும் எங்களுக்கு வேண்டும், அவளுக்குத் தெரிந்தது வேண்டாம்.

ஒன்றரை வயது, இரண்டு வயதுக் குழந்தைக்கு நோயைவிடப் பெரிய பயம் பிரிவு. 1952-இல் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் இங்கிலாந்தில், மருத்துவமனையில் தனியாக விடப்பட்ட இரண்டு வயதுச் சிறுமியைப் படம் பிடித்தார். முதலில் கத்தி அழுவது, பிறகு சோர்ந்து அடங்குவது, அதற்குப் பிறகு அம்மாவே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வது. "பழகிடுச்சு, இப்ப அழறதில்லை" என்று செவிலியர் நினைத்தது பழக்கம் அல்ல, நம்பிக்கை விட்டுப்போன நிலை. 1959-இல் வந்த பிளாட் குழுவின் அறிக்கை, பெற்றோரைத் தடையின்றி உள்ளே விடச் சொன்னது. அங்கே அம்மாவை உள்ளே விடுவதற்காகப் போராடினார்கள். நம் வார்டுகளில் அம்மா எப்போதும் உள்ளேதான் இருக்கிறாள். அவளை ஒரு மணி நேரம் வெளியே விடுவதற்கு இன்னும் யாரும் போராடவில்லை.

மூன்றிலிருந்து ஆறு வயதுவரை உள்ள குழந்தை, தான் செய்த தப்புக்குத் தண்டனையாகத்தான் நோய் வந்தது என்று நம்பும். நாமும் அதற்கேற்றபடியே பேசுகிறோம். "சாப்பிடலேன்னா சிஸ்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்." மருந்தைத் தண்டனை ஆக்கிவிட்டு, பிறகு ஊசிக்கு நாலு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடிக்கிறோம். இந்த வயதில் முதலில் செய்ய வேண்டியது, நீ எந்தத் தப்பும் செய்யவில்லை என்று சொல்வது. வலிக்காது என்று பொய் சொல்லக் கூடாது. வலிக்கும், பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும் என்று சொல்ல வேண்டும். ஊசி இல்லாத சிரிஞ்சைக் கொடுத்துப் பொம்மைக்குப் போடச் சொல்ல வேண்டும். படுக்கையில் வைத்து ஊசி போடாமல் தனி அறைக்குக் கூட்டிப்போனால் படுக்கையாவது பயமில்லாத இடமாக மிஞ்சும். இதற்கெல்லாம் ஒரு குழந்தைக்குக் கால் மணி நேரமாவது வேண்டும். அமுக்கிப் பிடித்தால் இரண்டு நிமிடம். எங்களிடம் இருப்பது இரண்டு நிமிடம்.

பள்ளி வயதுக் குழந்தைக்கு விளக்கம் வேண்டும். எந்தக் கையில் வென்ஃப்ளான் போடலாம் என்று கேட்டால் எழுதாத கையை நீட்டுவான். ஒன்பது வயதில் சர்க்கரை நோய் வந்த குழந்தை தானே இன்சுலின் போடக் கற்றுக்கொள்ளும். வலியை எண்ணாகச் சொல்லவும் முடியும். சிரிப்பிலிருந்து அழுகைவரை ஆறு முகங்கள் வரைந்த அட்டை ஒன்று இருக்கிறது. அதில் ஒன்றைத் தொட்டுக் காட்டினால் போதும். ஆனால் பையனிடம் "ஆம்பளப் புள்ள அழலாமா" என்கிறார்கள். பெண்ணிடம் "பொறுத்துக்கம்மா, நாளைக்குப் பிள்ளை பெக்கப் போறவ" என்கிறார்கள். எட்டு வயதுப் பெண்ணிடம்! இரண்டு பேரும் அட்டையில் பாதி முகத்தைத் தாண்ட மாட்டார்கள். நாங்கள் அதை அப்படியே கேஸ் ஷீட்டில் ஏற்றுகிறோம்.

பிறகு பதின்வயது. பல மருத்துவமனைகளில் 12 வயது முடிந்தால் குழந்தைகள் வார்டு இல்லை. பதிமூன்று வயதுப் பெண் நேரே பெண்கள் வார்டுக்கு, பேரன் பேத்தி எடுத்தவர்களுக்கு நடுவே போகிறாள். மாதவிடாய் வந்திருக்கிறதா என்று பத்து மாணவர்கள் சுற்றி நிற்கும்போது சத்தமாகக் கேட்கப்படுகிறது. இந்த வயதுக்கு முதலில் வேண்டியது ஒரு திரையும், அம்மா இல்லாமல் பேச ஐந்து நிமிடமும்.

வலிப்பு நோயுள்ள பதினாலு வயதுப் பெண் ஒருத்தி ஒரே ஆண்டில் மூன்று முறை வந்து சேர்ந்தாள். மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று ஒவ்வொரு முறையும் அம்மாவைக் கேட்டோம், சாப்பிடுகிறாள் என்றார். மூன்றாவது முறை அம்மாவை டீ குடிக்க அனுப்பிவிட்டு அவளைக் கேட்டேன். "அத்தை வீட்டுக்குப் போனா மாத்திரை எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு அம்மா சொல்லும். தெரிஞ்சா யாரும் கட்டிக்க மாட்டாங்களாம்." வலிப்பு நோயை இந்து திருமணச் சட்டத்திலிருந்து 1999-லேயே நீக்கிவிட்டார்கள். அத்தை வீட்டில் அது இன்னும் அமலில் இருக்கிறது. அந்த ஐந்து நிமிடம் முதல் முறையே கிடைத்திருந்தால் இரண்டு வலிப்பு அவளுக்கு மிச்சமாகியிருக்கும்.

இப்போது எண்ணிக்கைக்கு வருவோம். போதனா மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்ற மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர் என்று இந்திய நர்சிங் கவுன்சில் விதி வைத்திருக்கிறது. நான் பார்த்த பல இரவுகளில் 34 குழந்தைகளுக்கு நாங்கள் இரண்டு பேர். மூச்சு, நாடி, காய்ச்சல், சொட்டு, மருந்து எல்லாம் சேர்த்துக் குழந்தைக்குப் பத்து நிமிடம் என்றால் 340 நிமிடம். இரண்டு பேர் பிரித்துக்கொண்டாலும் ஒரு சுற்று முடிய ஏறக்குறைய மூன்று மணி நேரம். 2015-க்குப் பிறகு தமிழ்நாட்டில் தேர்வு எழுதி வந்த செவிலியர்களுக்குக் கொடுத்த தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் அவர்கள் ஆயிரக்கணக்கில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் போய் உட்கார்ந்தார்கள். "சேவை செய்ய வந்தவர்கள் போராடலாமா" என்று அப்போதும் கேட்டார்கள்.

நானும் சுத்தமானவள் இல்லை. அப்படி ஓர் இரவு, ஒன்றரை வயதுக் குழந்தைக்கு டிரிப் ஓடிக்கொண்டிருந்தது. நடுராத்திரி பார்த்தபோது சரியாக இருந்தது. அடுத்து நான் போய்ச் சேர மூன்றேகால் ஆகிவிட்டது. ஊசி நரம்பை விட்டு விலகி, கை முழங்கைவரை வீங்கிக் கிடந்தது. குழந்தை அழுது அழுது ஓய்ந்திருந்தது. கட்டிலுக்குக் கீழே பாயில் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். மூன்று நாளில் அன்றைக்குத்தான் தூங்கினாள் என்று பிறகு பக்கத்துக் கட்டில் அம்மா சொன்னார். நான் அவளை எழுப்பி, வார்டே கேட்கும்படி கத்தினேன். "பெத்தவதானே நீ? கைய பாத்தியா?" அதோடு விடவில்லை. குறிப்பில், தாய் கவனிக்காமல் தூங்கிவிட்டார் என்று எழுதினேன்.

டிரிப்பைக் கவனிப்பது அவள் வேலை அல்ல, என் வேலை. என்னால் செய்ய முடியாமல் போனதற்குக் காரணம் 34 என்ற எண். அந்த எண்ணை எழுதாமல் அவள் தூக்கத்தை எழுதினேன். காலையில் மாமியார் வந்தார். "புள்ளையக்கூடப் பாக்கத் துப்பில்லாதவ" என்று தொடங்கியது மதியம்வரை ஓடியது. வீக்கம் இரண்டு நாளில் வடிந்துவிட்டது. அந்தப் பெண் டிஸ்சார்ஜ்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவளுக்குக் கட்டில் கிடையாது. நோயாளிக்கு வரும் சாப்பாட்டில் மீந்ததுதான் அவளுக்கு. குளிக்கப் போனால் குழந்தையைப் பார்க்க ஆளில்லை. வீட்டில் விட்டுவந்த மூத்த பிள்ளைக்குப் போனில் வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கிறாள். தினக்கூலி போயிற்று. புருஷன் மாலையில் வந்து ஜன்னல் வழியாக இட்லிப் பொட்டலம் கொடுத்துவிட்டு நல்ல அப்பா என்று பெயர் வாங்கிப் போகிறான். பால் கொடுக்கும் பெண்கள் இருக்கும் இடத்தில் ஆண்களை எப்படி விடுவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் திரை. திரைத்துணிக்குப் பணமில்லை என்பதற்காகக் காலமெல்லாம் தகப்பன்களை வெளியே நிறுத்தி வைக்க முடியாது. சட்டமும் இந்தப் போர்டைத்தான் வேறு மொழியில் எழுதி வைத்திருக்கிறது. மத்திய அரசு ஊழியர்களில் பெண்களுக்குக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு 730 நாள். 2018-இல் மனைவி இல்லாத தனித் தகப்பனுக்கும் கொடுத்தார்கள். மனைவி இருக்கும் ஆணுக்கு இல்லை. அவன் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் பார்க்கத்தான் ஒருத்தி இருக்கிறாளே.

அப்படியானால் அன்பே வேண்டாமா என்று கேட்பீர்கள். எனக்கு அன்பு இருக்கிறது. சில குழந்தைகளின் பெயரைப் பதினைந்து வருடம் கழித்தும் மறக்கவில்லை. அது என் சொந்தச் சொத்து. இரண்டாவது செவிலியரைப் போடாமல் இருப்பதற்கு அதைக் காரணமாகக் காட்ட யாருக்கும் உரிமையில்லை. அன்பு இருந்தும் அந்தக் கை வீங்கத்தான் செய்தது.

வேண்டியவை சிக்கலானவை அல்ல. விதியில் உள்ள எண்ணிக்கைப்படி நிரந்தரச் செவிலியர்கள். குழந்தையோடு இருப்பவருக்குப் படுக்கை, சாப்பாடு, குளியலறை. தகப்பன் உள்ளே வரத் திரையும் அனுமதியும், ஆணுக்கும் அதே விடுப்பும். பதின்வயதினருக்குத் தனி இடம், தனியே பேச நேரம்.

அந்தப் பழைய கேஸ் ஷீட்டில் நான் எழுதிய வரியை இனி அடிக்க முடியாது. அதனால் இப்போது ஒவ்வொரு நைட் டூட்டியிலும் ரிப்போர்ட் புத்தகத்தின் முதல் வரியாக இதை எழுதுகிறேன்: குழந்தைகள் 34, செவிலியர் 2. மேலே உள்ளவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு "இதெல்லாம் எதுக்கு எழுதறீங்க" என்று கேட்டார்கள். கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள் என்பதால் நிறுத்தாமல் எழுதுகிறேன். செவிலியம் படிக்கும் பெண்களே, உங்கள் வார்டிலும் எழுதுங்கள். அடுத்த முறை யாராவது உங்களைத் தாய் மாதிரி என்று பாராட்டினால், நன்றி சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டுங்கள்.